மகமை: கடைத்தெரு கண்ட அறம்

ஊர்த் திருவிழாவுக்கு நாள் குறித்த மறுநாளே நன்கொடைச் சீட்டுப் புத்தகத்துடன் கடைத்தெருவுக்குப் புறப்படுவோர் உண்டு. அரிசி மண்டி, நகைக்கடை, துணிக்கடை, இரும்புக்கடை என ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவர். அதே வாரத்தில் அதே கடைகளுக்குப் பள்ளி ஆண்டு விழாக் குழுவினர் வருவர், கண் மருத்துவ முகாம் நடத்துவோர் வருவர், பசுமடத்தார் வருவர், திருப்பணிக் குழுவினரும் வருவர். கடைக்காரர் சிலருக்கு 500 எழுதுகிறார். சிலருக்கு 5,000 எழுதுகிறார். சிலரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். இம்மலரைப் போன்ற விழா மலர்களின் பின்பக்கங்களில் அச்சாகும் வாழ்த்து விளம்பரங்களும் இவ்வாறு முடிவு செய்யப்பட்டவையே. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்னும் இரு வினாக்களுக்கும் கடைக்காரர் ஒருவரே, கல்லாவில் அமர்ந்தவாறு, வந்தவரின் முகத்தைப் பார்த்து அந்நொடியில் விடை காண வேண்டியிருக்கிறது.

முன்னாளைய வணிகர் இவ்வினாக்களைத் தனித்து எதிர்கொள்ளவில்லை. எவ்வளவு என்பதைச் சரக்கின்மீது விகிதமாக முன்னரே விதித்துக்கொண்டனர். யாருக்கு என்பதைக் கூடியிருந்து முடிவு செய்தனர். இம்முறைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் மகமை. பேச்சு வழக்கில் மகிமை என்றும் திரியும் இச்சொல், விற்கும் சரக்கின் அளவுக்கு ஏற்பக் கோயிலுக்கும் பொதுத் தருமத்துக்கும் வணிகர் ஒதுக்கும் சிறு தொகையைக் குறிக்கும். அரசன் விதித்த வரியன்று அது. வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. ஆயினும், ஒருமுறை விதித்த பின் விருப்பம்போல் கொடுக்கவோ மறுக்கவோ இயலாதாகையால் அதை வெறும் நன்கொடை என்றும் சொல்லிவிட முடியாது. வரிக்கும் கொடைக்கும் இடைப்பட்ட இந்த ஏற்பாட்டின் வரலாறு நெடியது. அதன் தொடக்கத்தில் நிற்பது ஒரு சமணக் குன்று என்பது தமிழ்ச் சமணர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

குன்றும் குழுவும்

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் அருகில் உள்ள குன்றில், இயற்கைக் குகைகளில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டார். அவற்றின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் காலம் கணித்த இக்கல்வெட்டுகள், கணி நந்தன் என்னும் சமண முனிவருக்குச் செய்து கொடுக்கப்பட்ட பள்ளியைப் பற்றியன. கொடுத்தவருள் நெடுஞ்செழியனின் அலுவலனாகிய கடலன் வழுதி ஒருவன். வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தைச் சார்ந்த காவிதி ஒருவன் மற்றொருவன். நிகமம் என்பது வணிகக் குழு. காவிதி என்பது அக்காலத்துச் சிறப்புப் பட்டம். இவர்களோடு வேறொரு கல்வெட்டில், தனி மனிதர் பெயரே இன்றி, வெள்ளறை நிகமத்தோர் கொடுத்தனர் என்று மட்டும் காணப்படுகிறது. வெள்ளறை என்பது அருகிலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டி என அறிஞர் கருதுவர்.

அரச அலுவலன் தன் பெயரைப் பொறித்தான். நிகமத்தின் தலைவனும் பொறித்தான். நிகமத்தார் தனித்தனியே பெயர் பொறிக்காமல் குழுவின் பெயரால் கொடுத்தனர். ஓர் ஊரின் வணிகர் ஒன்றுகூடி, ஒரு துறவியைத் தெரிந்து, பொதுப்பணத்தைச் செலவிட்டு, அதைப் பொதுப் பெயரால் பதிந்து வைத்த செய்தி தமிழ் எழுத்தின் தொடக்கக் காலத்திலேயே கிடைப்பது சிறப்பன்றோ! கொடை என்றவுடன் பாரியையும் குமணனையும் நினைத்துப் பழகிய நாம், பெயரில்லாத இந்தக் கொடையாளரைப் போதிய அளவு நினைத்தோமில்லை.

மாங்குளத்துக்கு அண்மையில் கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைக் குகைக்குச் சென்றால் காட்சி மாறுகிறது. அங்கே உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன் கொல்லன் என ஒவ்வொருவரும் தம் தொழிலோடு தம் பெயரையும் பொறித்துள்ளனர். பணிதம் என்றது வெல்லப் பாகினை. கொழு என்றது ஏரின் இரும்பு முனையை. அறுவை என்றது துணியை. மதுரைக் கடைத்தெருவே படியேறி மலைக்கு வந்துவிட்டது போன்ற தோற்றம்! எனினும் இங்கே குழுவின் பெயர் இல்லை. ஆளாளுக்குத் தம்மால் இயன்றதைத் தந்துள்ளனர். குழுவாகக் கொடுத்தல், தனியாகக் கொடுத்தல் என்னும் இருவகையும் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு அருகருகே நின்றன.

பின்வந்த நூற்றாண்டுகளில் வணிகக் குழுக்கள் பெருகின. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், நானாதேசி, ஐந்நூற்றுவர் என்னும் பெயர்கள் தென்னாடெங்கும், கடல் கடந்தும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிபட்டியில் இன்று சிதைந்து கிடக்கும் சமணக் கோயில், திருவெண்ணாயில் ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி என்று வழங்கியது. பள்ளிக்கு அரசன் பெயரோ ஆசாரியர் பெயரோ அமையாமல் வணிகக் குழுவின் பெயர் அமைந்தமை, அப்பள்ளியை அக்குழு தன்னுடையதாகவே கொண்டு புரந்தது என்பதைக் காட்டும். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கு எரிக்கவும் திருவமுது படைக்கவும் பணம் கொடுத்தவள் நன்னப்பையன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை. இராசேந்திர சோழன் காலத்து அக்கல்வெட்டில் அவள் பெயர் இன்றும் விளங்குகிறது.

யாருக்குக் கொடுப்பது என்பதில் இல்லறத்தார்க்குச் சமண ஆகமங்கள் ஒரு வழி காட்டியிருந்தன. உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமணக் குடும்பங்களில் சிறுவரும் அறிவர். ஜினசேனரின் ஆதிபுராணம் கொடையை, பெறுவோரைக் கொண்டு வேறொரு வகையாகவும் பகுக்கிறது. அஞ்சிய உயிர்க்கு இரங்கிக் கொடுப்பது தயாதத்தி. துறவியர்க்குப் பணிந்து கொடுப்பது பாத்திரதத்தி. தம்மை ஒத்த இல்லறத்தார்க்கு மதிப்புடன் கொடுப்பது சமதத்தி. குடும்பப் பொறுப்பையும் பொருளையும் மகனிடம் ஒப்படைப்பது அந்வயதத்தி. இவற்றுள் சமதத்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. தம்மோடு ஒத்த நிலையில் இருந்து நலிந்துவிட்டவர்க்கு, இரப்போர்க்கு இடுவதுபோல் இடாமல், பெறுபவர் தலை குனியாதவாறு கொடுக்க வேண்டும் என்னும் நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது. நூல்கள் வகையைச் சொல்லும். ஓர் ஆண்டில் கையிலிருக்கும் தொகையில் எவ்வகைக்கு எவ்வளவு என்பதை ஊரார்தாம் சொல்ல வேண்டும்.

தராசில் நின்ற அறம்

அவ்வாறு ஊரார் கூடிச் சொன்னதற்குச் சிறந்த சான்று பாண்டி நாட்டில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை, பழம்பெயரால் திருக்கொடுங்குன்றம். அங்குள்ள சிவன் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பல நாடுகளையும் நகரங்களையும் சார்ந்த வணிகர் அங்கே கூடித் தம் சரக்குகளின்மீது ஒரு தொகையை விதித்து, அதனைக் கோயிலுக்கு அளிக்க உடன்பட்ட செய்தியை அது கூறுகிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, பருத்தி, நூல், இரும்பு, சந்தனம், அகில் எனச் சரக்குகளின் பட்டியல் நீண்டு, குதிரை, யானை வரை செல்கிறது. இத்தகைய ஒதுக்கீட்டைப் பட்டணப்பகுடி என்று வேறு சில வணிகக் கல்வெட்டுகள் குறிக்கும்.

இப்பட்டியலை அக்காலத்து வாணிகத்தை அறியும் சான்றாகவே பெரும்பாலோர் படிக்கின்றனர். அவ்வாறு படிப்பதும் முறையே. ஆனால், கொடைக்குரிய அளவுகோல் எங்கே வைக்கப்பட்டது என்னும் நோக்கில் படித்தால் வேறொன்று புலப்படும். இலாபத்தில் இத்தனை பங்கு என்று அவ்வணிகர் விதிக்கவில்லை, சரக்கின்மீது விதித்தனர். ஒருவனின் இலாபம் அவனுக்கும் அவன் கணக்கனுக்கும் மட்டுமே தெரியும். ஒரு பொதி மிளகின் எடையோ தராசின் முன்னே நிற்கும் அனைவர்க்கும் தெரியும். வாங்குபவன், விற்பவன், தரகன், சுமை தூக்குபவன் என நால்வர் காண நடக்கும் ஒரு நிகழ்ச்சியோடு அறத்தைக் கட்டிவிட்டால் பின்னர் அதை மறைப்பது அரிது. நல்ல ஆண்டு, நட்ட ஆண்டு என்னும் பேச்சுக்கும் இடமில்லை. பத்துப் பொதி விற்றவன் பத்துப் பொதிக்கும், ஒரு பொதி விற்றவன் ஒரு பொதிக்கும் கொடுப்பான். விகிதம் ஒன்றேயாகையால் பெரியவன் கொடுத்தது பெருமையும் அன்று, சிறியவன் கொடுத்தது இழிவும் அன்று.

உழவரும் இதே நுட்பத்தை அறிந்திருந்தனர். கதிரடித்த களத்திலேயே கோயிலுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் உரிய நெல்லை அளந்துவிட்டு, எஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுசெல்வது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. குதிருக்குள் போன நெல்லை மீண்டும் எடுக்க மனம் வராது என்பது அனுபவம் கற்பித்த பாடம்.

இம்முறையில் குறையே இல்லை என்று கொள்ளலாகாது. கூடி முடிவு செய்தவர் குழுவினர் மட்டுமே. மூட்டை சுமந்தவர்க்கும், அந்தச் சரக்கை விளைத்தவர்க்கும் அவையில் இடமிருந்ததில்லை. மகமையின் சுமை இறுதியில் வாங்குபவர்மீது ஏறுவதும் இயல்பு. எனவே அது யாருடைய பணம் என்னும் வினா தொடக்கத்திலேயே உடன்பிறந்தது. அவ்வினா நீதிமன்றம் வரை சென்ற கதை பின்னர் வரும்.

விருதுப்பட்டியின் முடிவு

கோயிலுக்கே பெரிதும் சென்றுகொண்டிருந்த மகமை வேறு திசையில் திரும்பிய இடம் அந்நாளைய விருதுப்பட்டி, 1923 முதல் விருதுநகர். 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர், சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் நிலைகொண்டனர். வழிப்பறிக்கு அஞ்சிய காலமாகையால் வண்டிகளையும் மாடுகளையும் சரக்குகளையும் காத்துக்கொள்ளச் சுற்றுச்சுவருடன் கூடிய பேட்டைகளை அமைத்தனர். பேட்டையைப் பயன்படுத்தியோர் அதன் பராமரிப்புக்குச் செலுத்திய கட்டணமும் விற்பனைமீது விதித்த மகமையும் சேர்ந்து ஒரு பொதுநிதியாயிற்று. அதனை ஆண்டது உறவின்முறை என்னும் ஊர்ச்சபை. தலைக்கட்டுக்கு ஒருவர் எனக் குடும்பத் தலைவர் அதில் அமர்வர். மகமையைத் திரட்டவும் கணக்கு வைக்கவும் முறைகாரர் என்பவர் முறைவைத்துப் பொறுப்பேற்பார். ஒருவரே நெடுங்காலம் பெட்டியைத் தம் கையில் வைத்திருக்க வழியில்லாத ஏற்பாடு அது.

நிதி சேர்ந்தது, எதற்குச் செலவிடுவது? வணிகர் மகமை என்றால் கோயிலுக்கு என்பதே பழைய விடை. ஆனால் இவ்வணிகர்க்குப் பெருங்கோயில்களின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. கோயில் நுழைவை ஒட்டிய பகை முற்றி 1899இல் சிவகாசியில் பெருங்கலவரம் நிகழ்ந்தது. கமுதிக் கோயில் வழக்கு இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பொருள் இருந்தும், கொடுக்க மனம் இருந்தும், கொடுக்கும் இடத்தில் நிற்க உரிமை இல்லாத நிலை எத்துணைக் கொடியது! அவர்கள் தமக்கெனக் கோயில்கள் எழுப்பினர், கிணறு வெட்டினர், சாவடி கட்டினர். அத்துடன் அமையாமல் 1880களில் விருதுப்பட்டி வணிகர் க்ஷத்ரிய வித்யாசாலையைத் தொடங்கினர்.

பள்ளிக்கு மகமையோடு துணை நின்றது பிடி அரிசி. நாள்தோறும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இட்டு வைப்பர். குறித்த நாளில் ஆள் வந்து வாங்கிச் செல்வார். அரிசியை விற்ற பணம் பள்ளிக்குச் சேரும். மகமையின் நுட்பமே இதிலும் உள்ளது. சோறாகிய பின் எஞ்சியதைக் கொடுப்பதன்று. உலையில் இடும் முன்னரே எடுத்து வைப்பது. கடையில் ஆடவர் தராசின்முன் செய்ததை, வீட்டில் பெண்டிர் அரிசிப் பானையின்முன் செய்தனர். உறவின்முறை அவையில் பெண்களுக்கு இருக்கை இல்லை. ஆயினும் பள்ளிக்கூடம் நடந்ததில் அவர்கள் கைப்பிடிக்குப் பங்கு உண்டு.

விதைத்த பணம் விளைவதற்குக் காலம் ஆகும். கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டினால் ஓராண்டில் கண்ணால் காணலாம். கல்வெட்டில் பெயரையும் காணலாம். பள்ளியில் சேர்த்த சிறுவன் என்னாவான் என்பதை 20 ஆண்டு கழித்தே அறிய முடியும். பருத்தியும் மிளகாயும் விற்று அன்றாடக் கணக்கில் வாழ்ந்த வணிகர், உடனே பலன் தெரியாத ஒன்றில் பொதுநிதியைச் செலவிடத் துணிந்தனர் என்பதே அம்முடிவின் சிறப்பு. அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவர் காமராசர். 1954இல் முதலமைச்சரான அவர் காலத்தில் பரவிய பள்ளி மதிய உணவுத் திட்டம், அரசு நிதி வருவதற்கு முன் ஊர்மக்கள் தந்த பொருளைக் கொண்டே பல இடங்களில் தொடங்கியது.

1910இல் நாடார் மகாஜன சங்கமும், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. அவ்வங்கியே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. மகமை என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய பள்ளிகளும் தரும நிதிகளும் தென்மாவட்டங்களில் இன்றும் உள்ளன. நகரத்தாரும் மகமையைப் போற்றினர். பர்மா, இலங்கை, மலேயா எனக் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் தம் நிறுவனங்களின் தொழிலளவுக்கு ஏற்ப மகமை ஒதுக்கித் தண்டாயுதபாணி கோயில்களை எழுப்பினர். அக்கோயில்களிலேயே கூடி வட்டி விகிதத்தையும் முடிவு செய்தனர். அது தனியே விரித்து எழுதத்தக்க வரலாறு.

யாருடைய பணம்?

வடநாட்டு வணிகர் இதே ஏற்பாட்டைத் தர்மாதா என்பர். விற்பனைச் சீட்டில் சரக்கின் விலை, கூலி, தரகு ஆகியவற்றின் கீழே தர்மாதா என ஒரு வரி. அதன் எதிரே சிறு தொகை. குசராத்தில் மகாஜனம் எனப்படும் வணிகச் சபைகள் சரக்கின்மீது லாகா என்னும் தொகையை விதித்து, நோயுற்ற விலங்குகளையும் கைவிடப்பட்ட விலங்குகளையும் காக்கும் பாஞ்சராபோல்களை நடத்தின. பம்பாயில் 1832இல் தெருநாய்களைக் கொல்ல அரசு முற்பட்டபோது பாரசீகர் முன்னின்ற பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதனை அடுத்து 1834இல் அந்நகரப் பாஞ்சராபோல் தோன்றியது. அதனை உருவாக்கியோருள் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் பாரசீகர். மோதிஷா சுவேதாம்பரச் சமணர். வெவ்வேறு சமயத்தினர் ஓர் அறத்தைத் தெரிந்து, அதற்கு வாணிகச் சரக்கின்மீது தொகை விதித்துக்கொண்டமை, தயாதத்தி கடைத்தெருவில் நடைமுறைக்கு வந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சுவேதாம்பர மரபில் கொடைக்கு ஏழு புலங்கள் சொல்லப்படும். ஜினபிம்பம், ஜினாலயம், ஆகமம், துறவியர், துறவினியர், இல்லறத்தார், இல்லறப் பெண்டிர் என்பன அவை. ஜினபிம்பத்துக்கு என்று வந்த பணத்தை இல்லறத்தார் நலனுக்குத் திருப்பலாகாது என்பது அவர்களின் கண்டிப்பான நெறி. கொடுத்தவர் எதற்கெனக் கொடுத்தாரோ அதற்கே செலவிட வேண்டும் என்னும் கருத்து, திகம்பர மரபினராகிய தமிழ்ச் சமணர்க்கும் புதிதன்று.

ஆனால் தர்மாதா என்று மட்டும் எழுதினால் அது எந்தத் தருமம்? இவ்வினாவை நீதிமன்றங்கள் எழுப்பின. ஒருவர் தம் விருப்ப ஆவணத்தில் தருமத்துக்கு என்று மட்டும் எழுதிச் சொத்தை விட்டுச்சென்ற வழக்கில், அச்சொல் வரையறையற்றது, ஆகவே அக்கொடை செல்லாது என்று 1899இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயச் சட்டத்தின் கண்ணுக்குத் தருமம் என்பது ஊரறிந்த பொருளாகத் தோன்றவில்லை. எதையும் போட்டு நிரப்பக்கூடிய வெற்றுப் பையாகத் தோன்றியது. நம் நாட்டார் பலர் அத்தீர்ப்பைக் கண்டு வருந்தினர். எனினும் அதில் ஓர் உண்மையும் இல்லாமல் இல்லை. பெயர் சொல்லாத தருமத்தின் பணம் பெட்டிக்குள்ளேயே உறங்கிப் போனதும், பெட்டிக்கு உரியவரின் பணமாகவே மாறிப் போனதும் உண்டு.

சுதந்திர இந்தியாவில் அவ்வினா வருமானவரித் துறையின் வழியே மீண்டும் வந்தது. ஹாத்ரஸ் நகரத்துப் பிஜிலி காட்டன் மில்ஸ் என்னும் ஆலை, தன் விற்பனைச் சீட்டுகளில் தர்மாதாவைத் தனியே காட்டி வாங்கி, தனிக்கணக்கில் வைத்திருந்தது. அதுவும் விற்பனையால் வந்த வருமானமே, ஆகவே வரி செலுத்த வேண்டும் என்றது துறை. 1979இல் உச்ச நீதிமன்றம் ஆலைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வணிக உலகில் தர்மாதா என்னும் சொல்லுக்கு வழக்கத்தால் நிலைபெற்ற அறப்பொருள் உண்டு. வாங்குபவர் அதனை அறத்துக்கென்றே தருகிறார். விற்பவர் அதனை அறத்துக்குச் சேர்ப்பிக்கும் கடமையுடையவர். எனவே அது அவர் வருமானம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். பிரான்மலையில் தராசின்முன் நின்றவர் அறிந்திருந்ததைச் சட்டத்தின் மொழியில் சொன்னதாகவே இதனைக் கொள்ளலாம். சீட்டில் தனி வரியாக எழுதியதும் தனிக்கணக்கில் வைத்ததுமே அந்த ஆலையைக் காத்தன என்பதை நிதி காப்போர் மறத்தல் ஆகாது.

இன்றைய கடைத்தெருவில் சீட்டு எழுதுவது கணினி. அதில் சரக்கின் விலை இருக்கிறது. சரக்கு சேவை வரி மத்திய, மாநிலப் பகுதிகளாகப் பிரிந்து நிற்கிறது. பைசாவைச் சரிசெய்யும் வரி ஒன்றும் உண்டு. மகமைக்கு வரி ஒதுக்கிய கடைகள் சில ஊர்களில் இருக்கின்றன. பெரும்பாலான கடைகளில் இல்லை. வணிகர் சங்கங்கள் எல்லா ஊரிலும் உள்ளன. அவை கூடும்போது பேசப்படுவன வாடகை, வரி, கடையடைப்பு ஆகியவை. இந்த ஆண்டு ஊருக்கு எது தேவை, பள்ளிக்கா, மருத்துவத்துக்கா, திருப்பணிக்கா, நலிந்த குடும்பங்களுக்கா என்னும் பேச்சு அங்கே அரிதாகவே எழுகிறது. கொடுக்கும் மனம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது; சீட்டுப் புத்தகங்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. முடிவு செய்யும் இடந்தான் அவையிலிருந்து கல்லாவுக்கு மாறிவிட்டது.

அங்கே அமர்ந்திருப்பவர், விழாக் குழுவினர் நீட்டும் புத்தகத்தைப் பார்க்கிறார். யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார். பக்கத்துக் கடைக்காரர் எழுதிய தொகையைப் பக்கம் புரட்டிப் பார்க்கிறார். பிறகு கணக்குப்பிள்ளையின் பக்கம் திரும்பி, போன வருடம் இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்கிறார்.